ரயில் கத்தாழை நார்: ஏக்கர்ல போடலாமா? நைலான விட பலமா?

பிப்ரவரி 4, காலை (எழுமலைத் தம்பி கேட்டது)

எழுமலை தாண்டி 3 ஏக்கர் செவக்காடு இருக்கு, முழுக்க மானாவாரி. கெணத்துல பங்குனி பொறந்தா தண்ணி கெடையாது. பருத்தியும் கைய கடிச்சிருச்சு, சோளமும் மயிலுக்குத்தான் ஆச்சு. இப்ப ஒருத்தர் வந்து ரயில் கத்தாழை போடுங்க, தண்ணி வேணாம், மருந்து வேணாம், அந்த நார் நைலான விட பலம், வெட்ட வெட்ட காசுன்னு சொல்றாரு. கன்னும் அவரே தர்றாராம், அட்வான்ஸ் கேக்குறாரு. போட்டவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்கண்ணே.

பிப்ரவரி 4, ராத்திரி

தம்பி, அட்வான்ஸ் மட்டும் குடுத்துறாதீங்க. நான் செக்கானூரணிக்கு மேக்க, வரப்பு பூரா கத்தாழைதான், 12 வருசத்துக்கு மேல ஆச்சு. நாளைக்கு விவரமா எழுதுறேன்.

பிப்ரவரி 5

மொதல்ல நைலான் விசயம். நைலான விட பலம்கிறது பொய். ஒரே மொத்தத்துல நைலான் கயிறும் கத்தாழைக் கயிறும் எடுத்தா நைலான் ரெண்டு மடங்குக்கு மேலயே தாங்கும், அதுல சந்தேகமே வேணாம். ஆனா கத்தாழை நாருக்கு வேற ஒரு கொணம் இருக்கு. அது நீளாது. நைலான் அறுந்து போறதுக்கு முன்னாடி ரப்பர் மாதிரி இழுபடும், கத்தாழை நார் நூத்துக்கு ரெண்டு மூணு பங்குதான் நீளும், அதுக்கு மேல அறுந்துரும். அப்புறம் முடிச்சு. நைலான்ல போட்ட முடிச்சு வழுக்கிட்டு வரும், நார்க்கயித்துல போட்ட முடிச்சு இறுக்க இறுக்க கவ்வும், ஏன்னா நாரோட மேல்பக்கம் சொரசொரன்னு இருக்கும். காளைக்கு கழுத்துக்கயிறு நைலான்ல போட்டு, அது முண்டுன முண்டுல கழுத்து ரோமம் எல்லாம் போயி புண்ணாகி ஈ மொய்ச்சத நான் பாத்துருக்கேன். எங்க ஐயா (அப்பாவோட அப்பா) மாட்டு மேல படுற கயிறு எதுவும் கடையில வாங்க மாட்டாரு.

அடுத்து செடி. ஏக்கருக்கு எத்தன கன்னுன்னு அவரு சொன்னாரு? தோட்டமா போடுறவங்க ரெட்டை வரிசையா வைப்பாங்க, ரெண்டு வரிசைக்கு நடுவுல 1 மீட்டர், செடிக்குச் செடி 1 மீட்டர், அடுத்த ரெட்டை வரிசைக்கு 4 மீட்டர் எடம் விடணும், வெட்டி எடுத்துட்டு வர வண்டி போகணுமில்ல. அந்தக் கணக்குல ஒரு செடிக்கு ரெண்டரை சதுர மீட்டர் வருது, ஏக்கருக்கு 1600 செடி. மொத வெட்டு மூணாவது வருசம். அதுவரைக்கும் அந்த எடத்துல இருந்து ஒத்த ரூவா வராது. இத அவரு சொன்னாரான்னு கேளுங்க.

எடைக்கணக்கும் போட்டுப் பாருங்க. 100 கிலோ மட்டை வெட்டுனா காஞ்ச நார் 3 கிலோ, மிஞ்சிப் போனா 4 கிலோ. மிச்சம் 96 கிலோவும் சாறு, சக்கை. ஒரு நல்ல மட்டை முக்கா கிலோ இருந்தா அதுல இருந்து 25 கிராம் நார். அப்ப 1 கிலோ நாருக்கு 40 மட்டை. 40 மட்டைய வெட்டி, முள்ளு சீவி, தூக்கிட்டு வந்து, உரிச்சு, அலசி, காயப்போட்டு, சீவி முடிக்க எத்தன ஆள் கூலின்னு உங்களுக்கே தெரியும்.

பிப்ரவரி 5, கொஞ்ச நேரம் கழிச்சு

ஒண்ணு விட்டுப்போச்சு. நான் கத்தாழைக்கு எதிரி இல்ல. எனக்கு அது ரொம்பப் புடிச்ச செடி. அதனாலதான் தப்பா சொல்லி விக்கிறவங்களப் பாத்தா கோவம் வருது.

பிப்ரவரி 7

"சோத்துக் கத்தாழைதானே, அதுல ஏது நார்"னு ஒருத்தர் கேட்டிருக்காரு. இல்லீங்க, அது வேற. முகத்துக்குத் தேய்க்கிற சோத்துக் கத்தாழை வேற குடும்பம். இது ரயில் பாதை ஓரத்துல வேலியா நின்னுச்சே, கத்தி மாதிரி மட்டை நாலு பக்கமும் நீட்டிக்கிட்டு, நடுவுல கூம்பு மாதிரி குருத்து, அது. மதுரை போடி லைன்ல மீட்டர்கேஜ் ஓடுன காலத்துல எங்க ஊர்ப் பக்கம் பாதை நெடுக நிக்கும். 2010 கடைசியில வண்டிய நிறுத்திட்டு அகலப் பாதை வேலைய ஆரம்பிச்சாங்க, ஜேசிபி விட்டு அம்புட்டையும் பேத்துப் போட்டாங்க. அங்க வேருல வெடிச்சிருந்த கன்னுல 60, 70 எடுத்து சைக்கிள்ல கட்டிக் கொண்டுவந்து வரப்புல ஊனுனதுதான் என்னோட கத்தாழை. தேனிக்கு திரும்ப வண்டி ஓட 2022 மே மாசம் ஆயிருச்சு. அதுக்குள்ள என் செடிய நான் பல தடவ வெட்டியாச்சு.

பிப்ரவரி 8

நேத்து எழுதுனதுல ஒரு திருத்தம் இருக்கு, முக்கியமான திருத்தம். ரயில் கத்தாழைன்னு ரெண்டு செடியச் சொல்றாங்க. நானும் ரொம்ப நாள் ரெண்டும் ஒண்ணுன்னுதான் இருந்தேன்.

மட்டையோட ஓரத்த தடவிப் பாருங்க. ரம்பம் மாதிரி கொக்கி முள்ளு இருந்து, செடி சாம்பல் பூத்து மொத்த மட்டையா இருந்தா அது ஆனைக் கத்தாழை. அதுலயும் நார் வரும், ஆனா நம்ம தேடுறது அது இல்ல. ஓரம் வழவழன்னு இருந்து (எளங்கன்னுல மட்டும் பொடி முள்ளு இருக்கும், அப்புறம் போயிரும்), மட்டை நேரா வாள் மாதிரி நின்னு, நுனியில மட்டும் ஒரு கறுப்பு முள்ளு இருந்தா அதுதான் நார்க் கத்தாழை, வெளிநாட்டுல சிசால்னு விக்கிறது. என்னோட வரப்புல ரெண்டும் கலந்து கெடக்கு, 70ல ஒரு 20 ஆனைக் கத்தாழை. உங்களுக்குக் கன்னு தர்றவரு எதத் தர்றாருன்னு ஓரத்தத் தடவிப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க.

பிப்ரவரி 8, திரும்ப

சிசால்ங்கிறது மெக்சிகோவுல யுகடான் பக்கம் ஒரு துறைமுகத்துப் பேரு. அங்க இருந்து மூட்டை ஏறுனதால நாருக்கு அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. நம்ம ஊரு செடியே இல்ல இது, மெக்சிகோக்காரச் செடி.

இதுல ஒரு கதை இருக்கு, எனக்கு அது நெனைக்க நெனைக்க ஆச்சரியம். 1893ல ஒரு ஜெர்மன்காரர், ஹிண்டார்ஃப்னு பேரு, அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல இருந்து 1000 கத்தாழைக் குஞ்சு வாங்கி ஆப்பிரிக்காவுக்கு கப்பல்ல அனுப்புறாரு. போயிச் சேந்தப்ப உசுரோட இருந்தது 62. அந்த 62ல இருந்து பெருகுனதுதான் தான்சானியாவோட தோட்டம் பூரா. 1960கள்ல அந்த நாடு வருசத்துக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல நார் எடுத்துச்சு, உலகத்துலயே மொத எடம். அப்புறம் பிளாஸ்டிக் கயிறு வந்துச்சு, வெளிநாட்டுல வைக்கோல் கட்டுறதுக்கு இந்த நார்க் கயித்ததான் வாங்கிட்டு இருந்தாங்க, அவங்க பிளாஸ்டிக்குக்கு மாறவும் வெல விழுந்துருச்சு. இப்ப மொத எடம் பிரேசிலுக்கு. ஒரு நாட்டையே தூக்கி நிறுத்துன நார், வாங்குறவன் மாறுன ஒடனே சாஞ்சிருச்சு பாருங்க. அதனாலதான் தம்பிகிட்ட திரும்பத் திரும்ப கேக்குறேன், வாங்குறது யாரு?

பிப்ரவரி 15

மட்டை உரிக்கிறதப் பத்தி கேட்டிருந்தாங்க.

பழைய மொறை ஊறப்போடுறது. மட்டைய கட்டையால நசுக்கி, கட்டாக் கட்டி, கம்மாக் கரையில குழி வெட்டி தண்ணிக்குள்ள கல்ல வச்சு அமுக்கிருவாங்க. சதை அழுகுன பெறகு கல்லுல அடிச்சு அலசுனா நார் மட்டும் நிக்கும். நாத்தம்னா நாத்தம், கம்மாக்கரைப் பக்கமே போக முடியாது, அப்பத்தா அந்தச் சேலையோட வீட்டுக்குள்ள வரவிடாது. அந்தச் சாறு மீனுக்கு ஆகாது, தண்ணி கொறஞ்ச நாள்ல பக்கத்துக் குழி மீனெல்லாம் செத்து மெதக்கும். இப்ப யாரும் பொதுத் தண்ணியில போட்டுறாதீங்க, தயவுசெஞ்சு.

மெஷின்னா ஒரு உருளை, அதுல மழுங்கின தகடு பல்லு பல்லா இருக்கும், அது வேகமா சுத்தும், எதுத்தாப்புல ஒரு தகடு. மட்டைய அந்த சந்துல பாதி விட்டு இழுக்கணும், சதை எல்லாம் செதறிப் போயிரும், பச்சை வெள்ளையா நார் கையில நிக்கும். அப்புறம் திருப்பிப் புடிச்சு மறு பாதி. பாக்க ஈசியா இருக்கும். நாரக் கையில சுத்திப் புடிக்கவே கூடாது, ஒரு தடவ கூட. உருளை இழுத்துச்சுன்னா கையோட போயிரும். லூசான கிளவுஸும் போடாதீங்க. வழுக்குதேன்னு துண்டச் சுத்திக்கிட்டு நிக்கிறவங்களப் பாத்தாலே எனக்கு பகீர்ங்கும்.

பிப்ரவரி 16

நேத்து எழுதும்போது ஒரு வெசயம் எழுதலாமா வேணாமான்னு யோசிச்சு விட்டுட்டேன். எழுதிர்றேன், அடுத்தவங்களுக்கு ஒதவும்.

மொத தடவ பெருசா வெட்டுன வருசம், வாடகை மெஷின்காரர் வெள்ளிக்கெழமை வர்றேன்னு சொல்லிட்டாரு. நானும் வியாழக்கெழமையே ஆள் விட்டு 900 மட்டை வெட்டி அடுக்கிட்டேன். அவரு வந்து சேந்தது திங்கக்கெழமை மத்தியானம். நாலு நாள் வெயில்ல கெடந்த மட்டை, சாறு சுண்டி சதை நாரோட ஒட்டிப் போச்சு. மெஷின்ல விட்டா நார் சிக்குச் சிக்கா, பழுப்பு நெறத்துல, பாதிப் பாதியா அறுந்து வருது. அலசுனாலும் போகல. வாங்க வந்தவரு ஒரு முடியப் புடிச்சு வெளிச்சத்துல பாத்துட்டு, வெல கூட பேசாம கெளம்பிட்டாரு. அந்த நாரப் பூரா எங்க வீட்டுலயே கட்டில் கட்டவும் பந்தல் கட்டவும் வச்சுக்கிட்டோம்.

வெட்டுன மறுநாளுக்குள்ள உரிச்சிரணும், ரெண்டு நாள் தாண்டவே கூடாது. அப்ப மெஷின் வந்து நின்ன பெறகுதான் அருவாளயே எடுக்கணும். நார் பலமான்னு கேக்குறீங்களே, அந்தப் பலம் மட்டை வெட்டுன நிமிசத்துல இருந்து கொறைய ஆரம்பிக்குது, நான் கண்ணால பாத்தது இது.

இன்னொண்ணு, அரிப்பு. சாறு பட்டா ரெண்டு நாளைக்கு கை காலு எரியும், தடிப்புத் தடிப்பா வரும். அந்தச் சாத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியா சுண்ணாம்புப் படிகம் இருக்கு, அது தோல்ல ஏறிக்கிரும். முழுக்கைச் சட்டை போட்டு, வெளிய தெரியுற எடத்துல தேங்கா எண்ணெய் நல்லாத் தேய்ச்சுட்டு எறங்குங்க. எனக்கு அது கேட்டுச்சு. கண்ணுல மட்டும் படவே கூடாது, கண்ணாடி போட்டுக்கங்க.

மார்ச் 2

நைலான், கத்தாழை, வாழை மூணையும் தொங்கவிட்டு பாத்துட்டேன். தேனி அண்ணன் "வாயால சொல்லாம செஞ்சு காட்டுங்க"ன்னாரு, நியாயந்தான்.

மூணுமே பென்சில் மொத்தம். கத்தாழைக் கயிறு நானே திரிச்சது, மூணு பிரி. வாழைக் கயிறு சோழவந்தான்ல வாங்குனது. நைலான் கடையில வாங்குனது. புளியமரக் கெளையில கயித்தக் கட்டி, கீழ பலகையத் தொங்கவிட்டு, 50 கிலோ சிமெண்ட் மூட்டைய ஒண்ணொண்ணா ஏத்துனோம், மச்சினனும் நானும். வாழை ரெண்டாவது மூட்டைக்கு அறுந்துருச்சு. கத்தாழை மூணாவது மூட்டை வச்சு கைய எடுக்கவும் படார்னு போச்சு. நைலான் அஞ்சு மூட்டை தாங்கிட்டு அப்படியே நிக்கிது, ஆனா பலகை ஒரு சாண் கீழ எறங்கிருச்சு. அம்புட்டு நீளுது.

அப்ப கத்தாழை 150 கிலோ, முடிஞ்சது கதை.

மார்ச் 3

முடியல. "எந்த எடத்துல அறுந்துச்சு"ன்னு மேலூர் ஐயா ஒருத்தர் கேட்டிருக்காரு. போயி கயித்த எடுத்துப் பாத்தேன். முடிச்சுக்கு அடியில. சரியா முடிச்சு வளையுற எடத்துல. நடுக் கயிறு முழுசா அப்படியே இருக்கு.

முடிச்சு போட்டா கயித்தோட பலம் பாதிக்குப் பக்கமா கொறஞ்சிரும், எந்தக் கயிறா இருந்தாலும். வளைவுல வெளிப்பக்கத்து நார் மேலயே பாரம் பூரா விழும், உள்பக்கத்து நார் சும்மா இருக்கும். கத்தாழை நார் நீளாதுங்கிறதால வெளி நார் ஒடனே அறுந்து, அடுத்தது, அடுத்ததுன்னு போயிரும். நான் அளந்தது கயித்த இல்ல, என் முடிச்ச. ஞாயித்துக்கெழமை திரும்ப செய்றேன்.

மார்ச் 9

செஞ்சாச்சு. இந்தத் தடவ முடிச்சு பாரம் தாங்காத மாதிரி, கெளையச் சுத்தி சாக்கப் போட்டு அதுக்கு மேல நாலு சுத்து சுத்தி, மிச்சத்ததான் ஓரமா முடிஞ்சேன். கீழ பலகைப் பக்கமும் உருண்டைக் கட்டையில சுத்து. அதே கத்தாழைக் கயிறுதான், அறுந்த துண்டோட மிச்சம். அஞ்சு மூட்டை ஏத்தியாச்சு, 250 கிலோ, நிக்கிது. ஆறாவது மூட்டை வீட்டுல இல்ல.

மேலூர் ஐயாவுக்கு ரொம்ப நன்றி. அந்தக் காலத்துல கமலை (மாடு கட்டி கெணத்துத் தண்ணி எறைக்கிறது) எறைக்கும்போது வடக்கயித்த எங்கயும் கூர்மையா வளைய விடமாட்டாங்க, உருளை மேலதான் ஓடும், அதோட அர்த்தம் இப்பத்தான் எனக்கு வெளங்குது.

மார்ச் 9, ராத்திரி

திரிக்கிறது எப்படின்னு கேட்டவருக்கு. எங்க ஐயா செஞ்சத சொல்றேன். காஞ்ச நாருல தண்ணி தெளிச்சு லேசா பதமாக்குவாரு. ஒரு பிடி நார ரெண்டா வகுந்து, ரெண்டையும் வலது தொடையில வச்சு உள்ளங்கையால முன்னால தள்ளுவாரு, ரெண்டு பிரியும் தனித்தனியா முறுக்கு ஏறும். அப்படியே கைய எடுக்காம பின்னால இழுப்பாரு, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு எதுப்பக்கமா சுத்திக்கிரும். தள்ளு, இழு, தள்ளு, இழு, வெத்தலை வாயோட பேசிக்கிட்டே இருப்பாரு, கயிறு பாட்டுக்கு காலுக்கு அந்தப் பக்கம் பாம்பு மாதிரி வளந்துக்கிட்டே போகும். நார் தீரப் போற எடத்துல அடுத்த நார நுழைப்பாரு, ரெண்டு பிரியிலயும் ஒரே எடத்துல நுழைக்க மாட்டாரு, முன்ன பின்ன தள்ளித்தான். ஒரே எடத்துல நுழைச்சா அந்த எடம் எளப்பமாயிரும்.

பிரி முறுக்குனது ஒரு பக்கம், பிரி சேர்றது எதுப்பக்கம். பிரி தன் முறுக்க அவுத்துக்கப் பாக்கும், அது அவுறணும்னா கயிறு இன்னும் இறுகணும். ரெண்டு அவுக்குற வேகமும் ஒண்ண ஒண்ணு புடிச்சு நிறுத்துது. பசை கெடையாது, ஆணி கெடையாது, ஒன்ரை மீட்டர் நீளமுள்ள நாருதான், அத வச்சு நூறு அடி வடம் வருது.

ஏப்ரல் 6

வாழை நார மட்டமா பேசிட்டேன்னு சோழவந்தான்ல இருந்து ஒரு மதினி வருத்தப்பட்டிருக்காங்க. மதினி, மன்னிச்சுக்கங்க, பாரம் தூக்குறத மட்டும் வச்சு எழுதிட்டேன்.

வாழைக்கு அதோட எடம் இருக்கு. வெத்தலைக் கொடிக்கால்ல கொடிய அகத்தியோட அணைச்சுக் கட்டுறது வாழை நாருலதான், நைலான்ல கட்டுனா எளந்தண்டு அறுபட்டுப் போகும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல விடியக்காலம் போயி நின்னு பாத்தா தெரியும். பூக்கட்டுற அம்மா ஒரு டப்பாத் தண்ணியில நாரு ஊறப்போட்டிருக்கும். ஊறுன பட்டைய எடுத்து நகத்தால கீறும், சர்ருன்னு நூல் கணக்கா கிழிஞ்சு வரும், ஒரு நுனிய கால் கட்டை வெரல்ல மாட்டிக்கிட்டு ரெண்டு ரெண்டு மல்லியா எதிரும் புதிருமா வச்சு ஒரு சுத்து, ஒரு இழுப்பு. காம்பு நசுங்காது. நாரு ஈரத்த வச்சிருக்கிறதால பூவும் வாடாம இருக்கும். நூல்ல கட்டுன சரத்துல காம்பு வெட்டுப்பட்டு உதிரும். பூவோட சேந்த நாரும் மணக்கும்னு சொல்றோமே, நாரு பூவுக்குச் செய்யுறதும் கொஞ்சமில்ல.

மேலக்கால் பக்கம் வாழைப் பட்டையக் காயவச்சு கயிறா முறுக்கி கூடை, பை, பாய்னு பண்ணுறாங்க. தார் வெட்டுனா அந்த மரம் முடிஞ்சது, தூக்கிப் போடுற மட்டைதான் அவங்களுக்கு மொதல். கத்தாழை மாதிரி மூணு வருசம் காத்துக் கெடக்க வேணாம்.

ஏப்ரல் 7

"மணிலாக் கயிறு வாழைதானே, அது கப்பலயே கட்டுதே"ன்னு கேட்டவருக்கு: வாழைச் சாதிதான், ஆனா நம்ம வாழை இல்ல. பிலிப்பைன்ஸ்ல வளர்ற அபாக்கா. பழம் திங்க ஆகாது, நாருக்குன்னே வளக்குறது. கடல் தண்ணிக்கு அசையாது, அதான் கப்பலுக்குப் போச்சு. ஜப்பான்காரங்க ரூவா நோட்டுக் காயிதத்துலயே அந்த நாரச் சேக்குறாங்க. கத்தாழைக் கயிறு அதுல முக்கால் பங்குக்கு கொஞ்சம் மேல தாங்கும்.

கத்தாழை ஈரத்துலயே கெடந்தா மக்கிரும். கெணத்துக் கயித்துக்கு தேங்கா நாருதான் சரி.

ஏப்ரல் 20

புளிச்சை நார யாருமே சொல்லலையே! எங்க அம்மாச்சி ஊர்ல பருத்திக் காட்டுக்கு ஓரமா புளிச்சை வெதைப்பாங்க. எளசா இருக்கும்போது கீரை, வளந்த பெறகு வெட்டி ஊறப்போட்டு நார். ஒரே செடி கொழம்புக்கும் ஆச்சு, மாட்டுக்கயித்துக்கும் ஆச்சு. சணப்பும் அப்படித்தான், இப்ப எல்லாரும் பூ பூக்கவும் மடக்கி உழுதுட்டு உரமாக்கிர்றாங்க, நல்லதுதான், ஆனா அதுவும் அருமையான நார்ச் செடி. தம்பி, உங்க காட்டுல மழைக்கு சணப்பு வெதச்சு உழுது விட்டீங்கன்னா செவக்காடு கொஞ்சம் தேறும்.

பேச்சு வாக்குல இன்னொண்ணு. மருள்னு ஒண்ணு மலையடிவாரத்துல கெடக்கும், வரி வரியா, இப்ப டவுன்ல தொட்டியில வளக்குற பாம்புக் கத்தாழைக்கு சொந்தக்காரச் செடி. அந்த நாருலதான் வில்லுக்கு நாண் போட்டாங்க. சங்கப் பாட்டுல மரல்னு வர்றது இதுதான். நடுகல்லுக்குச் சாத்துற செம்பூவ மரல் நார கிழிச்சுத் தொடுத்தாங்கன்னு வருது. மெக்சிகோக்காரச் செடி வர்றதுக்கு எம்புட்டோ காலம் முன்னாடி நம்ம கையில ஒரு நார் இருந்திருக்கு. எழுமலைப் பக்கம் சாப்டூர் மலை அடிவாரத்துல இருந்தா பாத்துச் சொல்லுங்க தம்பி.

ஜூன் 11

இந்தப் பேச்சு நின்னு போச்சுன்னு நெனச்சேன், தம்பி திரும்ப வந்துட்டாரு. கன்னு விக்கிறவர்கிட்ட நான் சொன்ன மூணு கேள்வியும் கேட்டாராம். உரிக்கிற மெஷின் எங்க இருக்கு? நார வாங்குறது யாரு, எழுதித் தருவீங்களா? கன்னோட ஓரத்தத் தடவிப் பாக்கலாமா? அன்னைக்குப் போனவரு அப்புறம் போனே எடுக்கலையாம். அட்வான்ஸ் தப்பிச்சது.

"அப்ப கத்தாழையே வேணாமாண்ணே"ன்னு கேட்டிருக்காரு. வேணும் தம்பி. ஏக்கர்ல வேணாம், வரப்புல வைங்க. 3 ஏக்கருக்கு சுத்து வரப்பு இருக்குல்ல, அதுல ஒத்த வரிசை. ஆடு மாடு உள்ள வராது, வரப்பு மண்ணு கரையாது, வெள்ளாமை எடம் போகாது. தண்ணி நிக்கிற தாவுல மட்டும் வைக்காதீங்க, வேர் அழுகிரும், மத்தபடி கல்லு, சுண்ணாம்பு மண்ணு எதுலயும் வரும். மூணு வருசம் கழிச்சு வெட்டலாம். வெட்டும்போது கீழ் மட்டையா பாத்து எடுங்க, செடியில ஒரு 15, 20 மட்டை எப்பவும் நிக்கணும், ஆசைப்பட்டு மொட்டை அடிச்சா அடுத்த வருசம் மட்டை குட்டையாயிரும். ஒரு செடி தன் ஆயுசுக்கும் 200, 250 மட்டை குடுக்கும்.

சுத்துப்பட்டுல பத்துப் பேரு வரப்புல வச்சிருந்தா அப்ப ஒரு மெஷின் வாங்குறது கட்டுபடியாகும். ஒத்த ஆளு 3 ஏக்கர்ல போட்டுட்டு மெஷினுக்கும் வாங்குறவனுக்கும் காத்துக் கெடக்குறதுதான் ஆகாது.

ஜூன் 12

அந்த 96 கிலோ சக்கைய என்ன செய்யன்னு கேட்டவருக்கு: நான் சாணியோட கலந்து குப்பையில போட்டு மட்க விடுறேன், ஆறு மாசத்துக்கு மேல ஆகுது, புளிப்பு போன பெறகுதான் காட்டுக்கு. தான்சானியாவுல அதுல இருந்து கேஸ் எடுத்து கரண்ட் பண்ணிருக்காங்க. சாத்துல இருந்து ஸ்டீராய்டு மருந்துக்கு மூலப்பொருளும் எடுக்குறாங்க. ஒடிசாவுல பாம்ராங்கிற ஊர்ல சிசாலுக்குன்னே மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கு.

நார் எங்கெங்க போகுதுன்னா கயிறு, பாய், கார்ப்பெட்டு, பாத்திரம் பாலீஷ் போடுற சக்கரத் துணி. அம்பு எறியுற வட்டப் பலகை விளையாட்டு பாத்துருப்பீங்க, அந்தப் பலகையும் இந்த நாருதான். நார நீட்டவாக்குல நிறுத்தி நெருக்கி அமுக்கி வச்சிருப்பாங்க, அம்பு குத்தும்போது நார் வெலகும், புடுங்குனா தானா மூடிக்கிரும்.

செப்டம்பர் 28

வரப்போட வடகோடியில ஒரு செடி கம்பம் விட்டிருச்சு. ரயில் லைன்ல இருந்து சைக்கிள்ல வந்ததுல ஒண்ணு. ரெண்டு மாசத்துல பனைமர வடலி உயரம் போயி, பக்கக் கெளை பிரிச்சு, பூவும் கொட்டிருச்சு. கத்தாழை ஒரே தடவதான் பூக்கும், பூத்து முடிச்சா காஞ்சு செத்துப் போகும். விதை பிடிக்காது. பூ உதிந்த எடத்துல பொடிப் பொடியா கன்னுக் குஞ்சு மொளைக்கும், மரத்துலயே எல விட்டு வேரும் எட்டிப் பாக்கும். ஒரு கம்பத்துல ஆயிரத்துக்கு மேல. அடியில மட்டையெல்லாம் இப்பவே மஞ்சளாகி தொங்க ஆரம்பிச்சிருச்சு. தெனமும் காலையில போயி ஒரு தடவ பாத்துட்டு வர்றேன்.

அக்டோபர் 19

தம்பி, குஞ்சு உதிர ஆரம்பிச்சிருச்சு. ஐப்பசி மழையும் எறங்கிருச்சு. காசெல்லாம் வேணாம், ரெண்டு சாக்கு எடுத்துக்கிட்டு இந்த ஞாயித்துக்கெழமை வந்துருங்க. செக்கானூரணி பஸ் ஸ்டாண்டுல நான் வண்டியோட நிக்கிறேன். முழுக்கைச் சட்டை போட்டுட்டு வாங்க. பெரிய குஞ்சா, நாலு எல விட்டதாப் பாத்துப் பொறுக்கலாம். நேரா வரப்புல வைக்காதீங்க, கெணத்தடியில நெழல் விழாத எடமா பாத்து பாத்தி கட்டி ஒரு சாண் எடைவெளியில நட்டு ஒரு வருசம் வளத்து, முழ உயரம் வந்த பெறகு அடுத்த ஐப்பசிக்கு வரப்புக்கு மாத்துங்க. நடும்போது குருத்துக்குள்ள மண்ணு விழாம பாத்துக்கங்க, விழுந்தா அழுகிரும்.

கம்பத்த நான் இன்னும் வெட்டல. நீங்க வந்து குலுக்கிப் பொறுக்கிக்கிட்டப்புறம் வெட்டி ஆட்டுக் கொட்டாய்க்கு கைமரமா போடணும். வரும்போது மருள் கெடச்சா வேரோட ஒண்ணு கொண்டாங்க.